வாடிக்கை என்னும் அமானிதம்

'வாடிக்கை' என்னும் சொல்லுக்கு வழக்கம் என்பது பொருள். ஒரு கடைக்கு வழக்கமாக வந்து செல்பவரை வாடிக்கையாளர் என்கிறோம். ஒருமுறை வந்து பொருள் பெற்றுச் செல்பவர் வாங்குபவர் மட்டுமே. அவர் மீண்டும் வரும்போதுதான் வாடிக்கையாளர் ஆகிறார். வேறு கடைகள் பல இருக்க, ஒருவர் அதே கடையின் படியை மறுபடியும் மிதிப்பதற்கு அங்கே அவர் பெற்ற ஏதோ ஒன்று காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்று யாது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இன்று 'வாடிக்கையாளர் சேவை' என்னும் தொடர் பெருநிறுவனங்களின் விளம்பரங்களில் மிகுதியாக வழங்குகிறது. குளிரூட்டப்பட்ட கூடம், வாசலில் கைகூப்பும் பணியாளர், கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஆகியவை சேவையின் இலக்கணமாகக் காட்டப்படுகின்றன. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் இவை உபசாரத்தைச் சேர்ந்தவை. உபசாரத்தில் பெருங்கடையைச் சிறு கடை வெல்ல இயலாது. அங்ஙனமாயின் சிறு வணிகத்துக்கே உரிய சேவை எது?

அதனை நாம் இரண்டு கூறுகளாகப் பிரித்துக் காணலாம். ஒன்று நினைவு. வந்திருப்பவர் யார், அவர் வீட்டில் எத்தனை பேர், சென்ற மாதம் வாங்கிய பருப்பு அவருக்குப் பிடித்ததா என்பதையெல்லாம் கடைக்காரர் மனத்தில் வைத்திருப்பது. மற்றொன்று பொறுப்பு. விற்ற பொருளில் குறை நேர்ந்தால், விற்றவரே முன்னின்று அதற்குப் பதில் சொல்வது. இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் குடிகொண்டிருப்பதே சிறு கடையின் தனித்தன்மை. இவற்றுள் நினைவை இன்று எந்திரங்களும் செய்யத் தொடங்கிவிட்டன. பொறுப்பை மட்டும் எவராலும் எந்திரத்திடம் ஒப்படைக்க முடியவில்லை. எனவே சிறு வணிகர்கள் எதனை விட்டுவிடலாம், எதனை விடவே கூடாது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டிய காலம் இது. நம் சமுதாயத்தில் கணிசமான குடும்பங்கள் சிறு வணிகத்தைக் கொண்டே வாழ்கின்றமையால், இவ்வினா நமக்கு ஏட்டளவிலான வினாவும் அன்று.

அறியாதவர்முன் நிற்கும் அறிந்தவர்

ஏறத்தாழ எல்லா விற்பனையிலும் விற்பவர் கூடுதலாக அறிந்திருக்கிறார். வாங்குபவர் குறைவாக அறிந்திருக்கிறார். அரிசி புதியதா பழையதா, மிளகாய்த் தூளில் என்ன கலந்திருக்கிறது, பழுது பார்த்த கைக்கடிகாரத்தில் மாற்றப்பட்ட உறுப்பு எத்தகையது ஆகியவற்றை வாங்குபவர் கண்ணால் கண்டு அறிய முடிவதில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பயன்படுத்தப்பட்ட கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நிலையை ஆராய்ந்தார். நல்ல காரையும் பழுதுற்ற காரையும் வாங்குபவரால் பிரித்தறிய இயலாதபோது, அவர் இரண்டுக்கும் இடைப்பட்ட விலையையே தர முன்வருவார். அந்த விலை நல்ல காரின் உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையிலிருந்து விலகிக்கொள்வார். எஞ்சுபவை பழுதுற்றவையாகவே இருக்கும். நேர்மையின்மை வாங்குபவருக்கு மட்டுமன்றி, நேர்மையான விற்பனையாளருக்கும் இழப்பை உண்டாக்குகிறது என்பது இதனால் விளங்கும். அகெர்லாஃப் 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இக்குறைக்கு மருந்தாக அவர் குறிப்பிட்டவற்றுள் உத்தரவாதச் சீட்டு, புகழ்பெற்ற வணிகப் பெயர், கிளைக்கடைத் தொடர், அரசு உரிமம் முதலியன அடங்கும். இவை பெரும்பாலும் பெருநிறுவனங்களின் கருவிகள். தெருமுனைக் கடைக்காரரிடம் அச்சிட்ட உத்தரவாதமும் இல்லை. ஊரறிந்த வணிகப் பெயரும் இல்லை. அவரிடம் இருப்பது அவருடைய முகம்தான். நாளையும் அதே இடத்தில் அதே முகத்துடன் அவர் அமர்ந்திருப்பார் என்பதே அவர் தரும் உத்தரவாதம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதை உணர்ந்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்று உரிமையாளர் காரணம் சொன்னார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தானியம் நனைந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. அதனை விற்கக் கூடாது என்றும் சொல்லப்படவில்லை. விற்பவர் அறிந்த ஒன்றை வாங்குபவர் அறியாதிருந்ததே கண்டிக்கப்பட்டது. தம் அறிவை வாங்குபவரோடு பகிர்ந்துகொள்வது வணிகரின் கடமை என்னும் கருத்து, பிற்கால ஃபிக்ஹ் நூல்களில் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையாக, 'கியாருல் ஐப்' என்னும் பெயரில் விரிவாக வகுக்கப்பட்டது.

நீதியும் இஹ்ஸானும்

சட்டம் வகுத்ததோடு இச்செய்தி முடிந்துவிடவில்லை. ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பொருளீட்டும் ஒழுக்கங்களுக்கெனத் தனியொரு நூற்பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். அதில் வணிகத்தின் நீதியை ஓர் இயலிலும், வணிகத்தின் இஹ்ஸானை மற்றோர் இயலிலும் பிரித்து வைத்தமை நுட்பமானது. ஏமாற்றாதிருத்தல் நீதி. கடமையாகாத நன்மையையும் மனமுவந்து செய்தல் இஹ்ஸான். நீதி தவறினால் வணிகர் குற்றவாளி ஆகிறார். இஹ்ஸான் இல்லையெனில் அவர் குற்றவாளி ஆவதில்லை. ஆனால் ஈடேற்றத்தின் உயர்நிலை அவருக்குக் கிட்டுவதில்லை.

விலையைப் பற்றிய கருத்து வேறுபாடு இப்பிரிவினையை நன்கு விளக்கும். சந்தை விலை அறியாமல், விற்பவரை முற்றிலும் நம்பி விலையை அவரிடமே விட்டுவிடுபவரை மார்க்க அறிஞர்கள் 'முஸ்தர்சில்' என அழைப்பர். அத்தகையவரிடம் அளவு மீறிய விலை பெறப்பட்டிருந்தால், உடன்படிக்கையை முறிக்க அவருக்கு உரிமை உண்டு என்று மாலிக்கீ, ஹன்பலீ நூல்கள் பேசுகின்றன. தமிழகத்தில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில், ஏமாற்று எதுவும் இல்லாதபோது விலை மிகுதி ஒன்றே விற்பனையை முறிக்கப் போதிய காரணமாவதில்லை. கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ஷாஃபிஈ வழியினரே. ஆகவே, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மிகுவிலை உடன்படிக்கையை முறிக்கும் என்னும் கருத்தைத் தாம் ஏற்கவில்லை என்று கூறிவிட்டு, அந்த மிகையை வாங்குபவருக்கு விட்டுக்கொடுப்பது இஹ்ஸான் என்று அவர்கள் எழுதுகிறார்கள். சட்டம் கைவிடும் இடத்தில் வணிகரின் மனச்சான்று பொறுப்பேற்கிறது. தனிப்பட்ட சேவை பிறக்கும் இடமும் அதுவே.

இதற்குச் சான்றாக அந்நூல் தரும் வரலாறுகளுள் பஸரா நகரத்துத் துணி வணிகர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களுடையது ஒன்று. அவருடைய கடையில் 400 திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் 200 திர்ஹம் விலையுள்ளவையும் இருந்தன. அவர் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில், சகோதரரின் மகன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டுப்புறத்து அரபி ஒருவர் வந்து 400 திர்ஹமுக்கு ஆடை கேட்டார். இளைஞர் 200 திர்ஹம் ஆடையைக் காட்ட, வந்தவர் அதை விரும்பி 400 கொடுத்துப் பெற்றுச் சென்றார். வழியில் அவரை எதிர்கொண்ட யூனுஸ், ஆடை தம் கடையது என அறிந்து விலையைக் கேட்டறிந்து, அது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாரும் என்றார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்கு மனநிறைவே என்றார் வாங்கியவர். யூனுஸ் விடவில்லை. அவரைக் கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹமைத் திருப்பிக் கொடுத்து, இளைஞரையும் கடிந்துகொண்டார்.

இவ்வரலாற்றில் வாங்கியவருக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் முறையிடவுமில்லை. இன்றைய அளவுகோலின்படி அவர் மனநிறைவு பெற்ற வாடிக்கையாளர். சேவை நன்றாக அமைந்தது என்று எழுதித் தந்திருப்பார். யூனுஸ் அந்த மனநிறைவை அளவுகோலாகக் கொள்ளவில்லை. வாங்கியவருக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரிந்திருந்தது; அது அவரை உறுத்தியது. மனநிறைவைப் பெறுவதற்கும் நன்மை செய்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு இதுதான்.

பக்தாத் நகரத்து சரீ அஸ்ஸகதீ (ரஹ்) அவர்களின் வாதுமைக் கதையும் அங்கே இடம்பெறுகிறது. சில்லறைப் பொருள்கள் விற்பவர் என்னும் பொருள்தரும் 'சகதீ' என்ற பெயரே அவர் சிறு வணிகர் என்பதைக் காட்டும். அவர் 60 தீனாருக்கு வாதுமை வாங்கி, மூன்று தீனார் ஆதாயம் என்று ஏட்டில் குறித்துவைத்தார். விலை 90 தீனாராக ஏறியது. தரகர் வந்து 90க்குக் கேட்டார். 63க்கு மேல் விற்பதில்லை என உறுதி பூண்டுள்ளேன் என்றார் சரீ. தரகரோ, எவரையும் ஏமாற்றுவதில்லை என நானும் உறுதி பூண்டுள்ளேன், 90க்குக் குறைத்து வாங்க மாட்டேன் என்றார். விற்பனையே நடைபெறவில்லை. இதனை அனைவரும் பின்பற்ற வேண்டிய விதியாக நாம் கொள்ள வேண்டுவதில்லை. எதிரிலிருப்பவரின் நலத்தையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்ட இருவர் சந்தையில் எதிரெதிரே நின்றார்கள் என்பதே இதன் சுவை. திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், பிறர் பொருளைத் தம் பொருள்போலப் பேணுவதையே வணிகருக்குரிய வணிகமாக வகுத்தார்.

ஸெஃப்ரூ நகரத்துச் சந்தை

மேற்கண்டவை சான்றோர் வரலாறுகள். எளிய வணிகர்களின் நடைமுறையில் வாடிக்கை எவ்வாறு இயங்குகிறது? மானுடவியலாளர் கிளிஃபர்ட் கியர்ட்ஸ் 1960களில் மொராக்கோ நாட்டின் ஸெஃப்ரூ நகரத்துச் சந்தையை நேரில் ஆராய்ந்து, 1978இலும் 1979இலும் தம் முடிவுகளை வெளியிட்டார். அச்சந்தையில் பஞ்சம் பொருளுக்கன்று, செய்திக்கே என்பது அவர் கண்டது. எது தரமானது, எது சரியான விலை என்பது எவருக்கும் திண்ணமாகத் தெரிவதில்லை. கடை கடையாக ஏறி இறங்கி விசாரிப்பதில் காலமும் உழைப்பும் விரயமாகின்றன. அதனால் மக்கள் குறிப்பிட்ட பொருளுக்குக் குறிப்பிட்ட வணிகரிடமே மீண்டும் மீண்டும் செல்கின்றனர்.

இந்த உறவு அன்பினால் மட்டும் ஆனதன்று என்பதையும் கியர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். வாடிக்கைக் கடையிலும் பேரம் நடக்கிறது. இரு தரப்பும் தத்தம் நலத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் அது தெரிந்தவர்களுக்கு இடையே நிகழும் பேரம். நாளையும் சந்திக்க வேண்டியவரிடம் இன்று எல்லை மீற முடியாது. எனவே வாடிக்கை என்பது இரு தரப்பாரும் சேர்ந்து எழுப்பிய ஒரு வேலி எனலாம். அவ்வேலிக்குள் அறியாமையின் இடர் குறைகிறது.

நம் ஊர்களில் இவ்வுறவு முறைப்பெயர்களால் வெளிப்படுகிறது. தென்மாவட்டத்தாரின் மளிகைக் கடை 'அண்ணாச்சி கடை' ஆகிறது. முஸ்லிம் வணிகரின் கடை 'பாய் கடை' ஆகிறது. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய உணவுக்கடைகளை அந்நாட்டு மக்கள் 'மாமாக்' கடை என்கின்றனர். 'மாமா' என்னும் தமிழ் விளியே அங்கு ஒரு தொழிலின் பெயராக நிலைத்துவிட்டது. பலகையில் எழுதிய பெயரை மக்கள் மறந்துவிட்டு, உறவின் பெயரால் கடையை அழைப்பது எளிதில் கிட்டும் சிறப்பன்று. அதே வேளையில் முறைப்பெயர் ஒன்றே நேர்மைக்குச் சான்றாகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏடு சொல்லும் செய்தி

சிறு கடையின் நினைவு தங்கும் இடம் அதன் ஏடு. பற்றுவரவுக் குறிப்பேடு வெறும் கடன் பட்டியல் அன்று. அதில் ஒரு தெருவின் வாழ்க்கையே எழுதப்பட்டிருக்கிறது. முன்னோரான வணிகர் சிலர் இரண்டு ஏடுகள் வைத்திருந்தனர் என இஹ்யா குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்று வறியவர்களுக்கானது. வறியவர் ஒருவர் உணவையோ கனியையோ விரும்பிக் கையில் பணமின்றி நின்றால், எடுத்துச் செல்க, இயலும்போது தருக எனக் கூறி அதில் எழுதிவைப்பர். இதனினும் உயர்ந்தவர் அவர் பெயரை எழுதவே மாட்டார். இயன்றால் தாரும், இயலாவிடில் அது உமக்கு ஆகுமானது என்று சொல்லிவிடுவார். எழுதாமல் விட்ட அந்தப் பக்கமே இஹ்ஸானின் உச்சம்.

உஸ்மானியர் காலத்துத் துருக்கியில், வசதி படைத்தோர் ரமளான் மாதத்தில் தமக்கு அறிமுகமில்லாத பகுதியின் மளிகைக் கடைக்குச் சென்று, கடன் ஏட்டின் சில பக்கங்களுக்குரிய தொகையைச் செலுத்திக் கணக்கைத் தீர்த்துவைக்கும் வழக்கம் இருந்ததாகக் கூறுவர். 'ஸிமெம் தெஃப்தெரி' எனப்படும் அந்த ஏட்டின் வழக்கம் அண்மை ஆண்டுகளில் அந்நாட்டில் மீண்டும் துளிர்த்துள்ளது. கொடுத்தவர் யாரெனப் பெற்றவருக்குத் தெரியாது. பெற்றவர் யாரெனக் கொடுத்தவருக்கும் தெரியாது. இருவரையும் அறிந்தவர் கடைக்காரர் ஒருவரே. அவர் நம்பிக்கைக்குரியவராக இல்லையெனில் இவ்வறமே இயங்காது.

ஏட்டின் மதிப்பை முற்றிலும் வணிக நோக்கில் உணர்த்தும் எடுத்துக்காட்டு ஜப்பானில் உண்டு. அந்நாட்டின் தோயாமா பகுதியைச் சேர்ந்த மருந்து வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஊர் ஊராகச் சென்று, வீடுதோறும் ஒரு மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு வருவர். அப்போது பணம் பெறுவதில்லை. அடுத்த முறை வரும்போது, பயன்படுத்திய மருந்துக்கு மட்டும் விலை பெற்றுக்கொண்டு, பழையதை நீக்கிப் புதியதை வைப்பர். முதலில் பயன், பின்னரே ஆதாயம் என்பது அவர்களுடைய கொள்கை. குழந்தைகளுக்குக் காகிதப் பந்துகள் கொண்டு செல்வதும் உண்டு. நம் கடைக்காரர் கொடுக்கும் கொசுறு போன்றது அது. எந்த வீட்டில் எந்த மருந்து எவ்வளவு செலவாயிற்று என்பதை அவர்கள் 'காகெபாச்சோ' என்னும் ஏட்டில் பதிந்து வந்தனர். நாளடைவில் அந்த ஏடே ஒரு சொத்தாயிற்று. அதனை விற்கவும் அடகு வைக்கவும் முடிந்தது. வாடிக்கையாளரை அறிந்திருத்தல் ஒரு மூலதனம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அறுந்துபோன இழை

இத்தகைய உறவு எவ்வாறு தளர்ந்தது? 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்னும் மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை வாங்குபவர் பட்டியலைக் கொடுப்பார். கடைப்பணியாளர் எடுத்துத் தருவார். சாண்டர்ஸ் அம்முறையை மாற்றி, வாங்குபவரே கூடையுடன் உள்ளே நடந்து பொருளை எடுத்துக்கொள்ளச் செய்தார். பணியாளர் செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. மக்கள் விரும்பினர். குறைந்த விலை ஏழைக்கும் நன்மையே ஆதலால் இதனை இகழ்வதற்கில்லை. ஆனால் எடுத்துத் தருபவர் மறைந்தபோது, எது நல்லது என்று சொல்பவரும் உடன் மறைந்தார்.

அடைத்து முத்திரையிட்ட பொருள்கள் வந்தமை இம்மாற்றத்தை முழுமையாக்கியது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதனைக் கூர்மையாகக் காட்டுகிறது. வாங்குபவர் தம் தேவை இன்னதென்று தெரிவித்து, விற்பவரின் திறனையும் தேர்வையும் நம்பி, அவர் வழக்கமாக விற்கும் பொருளை வாங்கினால், அப்பொருள் அத்தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் உட்கிடையான நிபந்தனை. முஸ்தர்சில் பற்றி மார்க்க அறிஞர்கள் ஆராய்ந்த அதே நம்பிக்கையை, விலையைப் பொறுத்தன்றித் தகுதியைப் பொறுத்து, இச்சட்டமும் ஏற்கிறது. ஆனால் அதற்கொரு விலக்கும் உண்டு. குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லி அப்பொருளையே கேட்டு வாங்கினால் அந்நிபந்தனை இல்லை. 'தலைவலிக்கு ஏற்ற தைலம் தாருங்கள்' என்று கேட்டவரை விற்பவரின் அறிவு காத்தது. தைலத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு அக்காப்பு இல்லை. அவர் நம்புவது விளம்பரத்தை. கடைக்காரர் வெறுமனே எடுத்துக் கொடுப்பவர் ஆகிவிடுகிறார்.

பெருநிறுவனங்கள் தாம் இழந்த நினைவைப் பின்னர் பொருள் செலவிட்டு மீட்டுக்கொண்டன. பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனம் 1995இல் வாடிக்கையாளர் அட்டையை நாடெங்கும் வழங்கி, யார் எதை எப்போது வாங்குகிறார் எனப் பதியத் தொடங்கியது. இன்று இணையவழி அங்காடிகள் நாம் அடுத்து வாங்கப்போவதையே முன்கூட்டி ஊகிக்கின்றன. தோயாமா வணிகரின் ஏடு கணினிக்குள் புகுந்துவிட்டது. எனினும் அந்த ஏட்டை எழுதியவர் அடுத்த முறை அதே வீட்டு வாசலில் வந்து நின்றார். மருந்து பயன்படவில்லையெனில் அவரிடமே கேட்கலாம். கணினியின் ஏடு நம்மை அறியும். நாம் கேள்வி கேட்க அதற்கு ஒரு முகம் இல்லை. தொலைபேசியில் பதில் சொல்பவர் பொருளை விற்றவரும் அல்லர், அனுப்பியவரும் அல்லர். பொறுப்பு பல கைகளில் சிதறி, எந்தக் கையிலும் தங்காமல் போகிறது.

நெருக்கத்தின் தீங்குகள்

சிறு கடையின் சிறப்பைக் கூறும்போது அதன் தீங்குகளை மறைப்பது, நனைந்த தானியத்தை அடியில் வைப்பதற்கு ஒப்பாகும். முதலாவது, கடனால் விளையும் கட்டு. ஏட்டில் பாக்கியுள்ளவர் விலையைக் கேட்கத் தயங்குவார். வேறு கடைக்குச் செல்லவும் அஞ்சுவார். அவர் மீண்டும் மீண்டும் வருவது நம்பிக்கையால் அன்று, வேறு வழியின்மையால். அத்தகைய வருகையை வாடிக்கை என்று கருதி மகிழ்வது பிழை. எழுதும்போதே விலையைச் சொல்லி எழுதுதல் வேண்டும். விலை இன்னதென்று இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

இரண்டாவது, ஆள் பார்த்து நடத்துதல். கார் வைத்திருப்பவருக்கு நாற்காலியும், கூலித் தொழிலாளிக்குக் காத்திருப்பும் அளிக்கும் கடைகள் இல்லாமல் இல்லை. பட்டியலுடன் வரும் சிறுவனிடம் கழிந்துபோன புளியைக் கட்டித் தருவதும் நடக்கிறது. பெருங்கடையில் எவரும் எவரையும் அறியார். அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே வரிசை. அறிமுகமின்மை தரும் இச்சமன்மையை நாடி எளியவர்கள் அங்கே செல்வார்களாயின், குறை அவர்களிடம் இல்லை.

மூன்றாவது, அறிந்ததை வெளியிடுதல். யார் வீட்டில் இம்மாதம் அரிசி குறைந்தது, யாருக்கு எந்த நோய்க்கு மருந்து, யார் கணக்கைத் தீர்க்கவில்லை என்பதையெல்லாம் கடைக்காரர் அறிவார். இவ்வறிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் கல்லாவில் அமர்ந்தபடி நாலு பேர் கேட்கப் பேசுபவர், அமானிதத்துக்கு மோசடி செய்தவர் ஆகிறார். நினைவு சேவையாவதும் துன்பமாவதும் நாவடக்கத்தைப் பொறுத்ததே.

காக்க வேண்டியது எது

2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, இணையவழி மளிகை நிறுவனங்கள் பல, குவிந்த தேவைகளைச் சமாளிக்க இயலாமல் திணறின. தெருக்கடைகளே பெரும்பாலான வீடுகளுக்கு உணவுப்பொருளைக் கொண்டு சேர்த்தன. எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், யாருக்குக் கொண்டு கொடுக்க வேண்டும், யாருக்குக் கடனாகத் தர வேண்டும் என்பது அக்கடைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இடர் நீங்கியதும் மக்கள் மீண்டும் மலிவை நாடினர். இதனை நன்றியின்மை என்று குறைகூறிப் பயனில்லை. விலையிலும் வகையிலும் விரைவிலும் போட்டியிட முடியாதபோது, போட்டியிடக் கூடிய ஒன்றைச் சிறு வணிகர் செம்மையாகச் செய்தல் வேண்டும்.

அதற்கான வழிகள் எளியவை. மருந்துக் கடைக்காரர், முன்பு வாங்கிய மாத்திரையும் இப்போதைய மருத்துவச் சீட்டும் மாறுபட்டிருப்பதைக் கண்டால், அதைச் சுட்டி மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்வது. தையற்காரர், கொண்டுவந்த துணி நினைத்த தையலுக்குப் போதாது என்பதை வெட்டுவதற்கு முன்பே சொல்வது. கைப்பேசி பழுது பார்ப்பவர், செலவு கைப்பேசியின் மதிப்பை மிஞ்சும் என்றால் அதைத் திறந்து கூறுவது. தம்மிடம் நல்ல சரக்கு இல்லாத நாளில், இன்ன கடையில் கிடைக்கும் என்று அனுப்பிவைப்பது. இவை ஒவ்வொன்றிலும் அன்றைய ஆதாயத்தில் சிறிது குறையும். யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் கல்லாவிலும் அன்று 200 திர்ஹம் குறைந்தது.

இறுதியாக ஒன்று. நம் கடைகள் பலவற்றில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்னும் வாசகம் தொங்குகிறது, இரசீதிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை இரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அச்சட்டம் கூறுகிறது. மார்க்கமோ இதற்கும் அப்பால் செல்கிறது. பொருளில் குறையே இல்லாதபோதும், வாங்கியதை எண்ணி வருந்தி வருபவருக்காக விற்பனையை விலக்கிக்கொள்வதற்கு 'இகாலா' என்று பெயர். அதனை இஹ்ஸானின் வகைகளுள் ஒன்றாகக் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எண்ணினார்கள். அவ்வாறு செய்பவரின் சறுக்கல்களை இறைவன் மன்னிப்பான் என்னும் நற்செய்தி நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது.

பொருள் வாங்க வருபவரை வரவேற்பது எந்தக் கடைக்கும் எளிது. வரவேற்கப் பெருங்கடைகளில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். வாங்கியதைத் திருப்பித் தர, தயங்கியபடி படியேறுபவரை எவ்வாறு எதிர்கொள்கிறோம் என்பதில்தான் சிறு வணிகரின் சேவை அளக்கப்படுகிறது. கல்லாவுக்கு மேலே 'பிஸ்மில்லாஹ்' சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும் சுவரில், அதற்குக் கீழே இந்த அறிவிப்பும் தொங்க வேண்டுமா என்பதை நம் வணிகப் பெருமக்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.